மூன்று நிமிடம், ஒரு பல்ஸ், ஒரு ஜி.பி.

பக்கிங்காம் கால்வாய் எங்கள் ஊரில்தான் முடிகிறது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் கிளம்பி, சென்னையை ஊடறுத்துக்கொண்டு, ஏறத்தாழ 420 கிலோமீட்டர் கடலோரமாகவே வந்து மரக்காணத்து உப்பளங்களுக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78 வாக்கில், வயிற்றுக்காக மண் வெட்டியவர்கள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் டியூக்கின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. எங்கள் உப்பு அந்தக் கால்வாயில் தோணியேறிச் சென்னைக்குப் போனது. அறுபதுகளில் அடித்த புயல்களுக்குப் பிறகு தோணிகள் ஓய்ந்தன, லாரி வந்தது.

வெளிநாடு போகிறவர்களுக்கு இ-சிம் போட்டுத் தரும் கடைக்காரி உப்புத் தோணியில் ஏன் ஏறுகிறாள் என்று கேட்பீர்கள். என் அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. பாத்தியிலிருந்து வாரிய உப்பு அம்பாரமாகக் குவிந்து, மூட்டையாகி, வண்டியேறும்வரை எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. 1805-ல் கிழக்கிந்தியக் கும்பெனி சென்னை ராஜதானியின் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அப்போது உப்பைக் கரிசையில் அளந்தார்கள். கரிசைக்கு 400 மரக்கால். மரக்காலில் உப்பை மெல்லச் சரித்தால் ஒரு கணக்கு, உயரத்திலிருந்து கொட்டினால் வேறு கணக்கு. கூம்பாகக் குவித்தால் விற்கிறவனுக்கு நட்டம், கழியால் தலைவழித்தால் வாங்குகிறவனுக்கு. எடைக்கு மாறிய பிறகும் ஈர உப்பு, காய்ந்த உப்பு என்று வேறொரு வழக்கு முளைத்தது. இதெல்லாம் அப்பா தன் பெரியவர்களிடம் கேட்டது. அவர் எனக்குச் சொன்னது சுருக்கமானது: “வெல இன்னான்னு அப்புறம் கேளு. மொதல்ல எதால அளக்கறான்னு பாரு.” நான் உப்பு விற்கவில்லை. பேச்சு விற்றேன், இப்போது டேட்டா விற்கிறேன். மூன்றிலும் அவர் சொன்னதுதான் நடக்கிறது.

இந்தக் கரைக்கு வெளிநாட்டுத் தொடர்பு புதிதில்லை. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூசில் வரும் சோபட்மா மரக்காணம்தான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமும் இதுவே என்பார்கள். வடக்கே கடப்பாக்கத்துப் பக்கம் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை 1750-ல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயரிடம் போனது. தெற்கே புதுச்சேரி. அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் உப்பு விளைவித்தால் கும்பெனியின் வரி உப்பு விற்காது. அதனால் 1818-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். புதுச்சேரியில் உப்பு விளைவிப்பதை நிறுத்தினால் ஆண்டுக்கு 4,000 வராகன். உப்பு விளைக்காமல் இருப்பதற்குக் கூலி! எங்கள் பாத்திகளின் வருமானத்துக்குப் பின்னால் இப்படியொரு எல்லைக்கோடு இருந்தது. எல்லை தாண்டும்போது விலை மாறும் என்பதை இந்த ஊர் விமானம் ஏறித் தெரிந்துகொள்ளவில்லை.

சேதிக்கு வருகிறேன். தந்தி 1855-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. 1870-ல் பம்பாயும் லண்டனும் கடலடிக் கம்பியால் இணைந்தன. அதையொட்டியே சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கம்பி போனது. கம்பி ஓடியது எங்கள் கடலில்தான், ஆனால் அது எங்களுக்கானதாக இல்லை. தந்தியின் அலகு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால் வினைச்சொல்லையும் உறவுமுறையையும் உதிர்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள். வாழ்த்துகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. வாசகங்களுக்கு எண் போட்டு வைத்திருப்பார்கள். எண்ணைச் சொன்னால் போதும், வாசகம் அந்தப் பக்கம் விரியும். ஆனால் தந்தி என்றாலே சாவுதான் நினைவுக்கு வரும். எங்கள் தெருவில் தந்திச் சேவகர் சைக்கிள் நின்றால், பிரித்துப் படிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும். 2013 ஜூலை 14 அன்று இந்தியாவில் தந்திச் சேவை நின்றபோது பத்திரிகைகள் உருக்கமாக எழுதின. எங்கள் பக்கம் யாரும் உருகிய மாதிரித் தெரியவில்லை.

அதற்கடுத்தது டிரங்கால். அதற்கு அலகு மூன்று நிமிடம். ஒரு நிமிடத்தில் முடித்தாலும் மூன்று நிமிடக் காசு. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று படி. அர்ஜென்டுக்கு இரட்டிப்பு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் இணைப்பு வேண்டுமென்றால் அது பி.பி. கால், அதற்குத் தனிக் காசு. பிறகு அந்த பி.பி.யையே பக்கத்து வீட்டு ஃபோன் நம்பருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்திருப்பார்கள். வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகளில் இந்த மூன்று நிமிடத்துக்கு வழியில்லை. கடிதம் வரும், எப்போதாவது ஊருக்கு வருகிறவன் கையில் கேசட் வரும். கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க அவன் பேசியிருப்பான். வீட்டில் எல்லோரும் டேப்ரிகார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மறுபக்கத்தில் இவர்கள் பேசி, திரும்பிப் போகிறவனிடம் கொடுத்தனுப்புவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வர ஒரு வருஷம் ஆகலாம். ஆனால் அறுபது நிமிடத்துக்கு ஒரே விலை. இன்றைய அன்லிமிடெட் பிளான்காரர்கள் அந்தக் கேசட்டைப் பார்த்துக் கற்க வேண்டும்.

எனக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டது. உடல் ஊனமுற்றோருக்கு எஸ்.டி.டி. பூத் கொடுப்பதில் முன்னுரிமை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பஸ் நிலையத்துப் பக்கம் எனக்கு ஒன்று கிடைத்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு சின்ன ஃபேன், வெளியே என் மேசைமேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், கிறீச்சென்று பில் துப்பும் பிரிண்டர். 1984-ல் தொடங்கிய சி-டாட் உள்நாட்டிலேயே எக்ஸ்சேஞ்ச் செய்யப் போய்த்தான் எங்களைப் போன்ற ஊர்களுக்கு நேரடி டயலிங் வந்தது. அந்த ஒரு காரியத்துக்காக, அதை முன்னின்று நடத்திய சாம் பிட்ரோடாவின் பெயர் என் வாயில் மரியாதையோடு வரும்.

பூத்தின் அளவை முறையைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். மீட்டரில் ஒரு யூனிட்டின் விலை எல்லோருக்கும் ஒன்றே. உள்ளூர் என்றால் ஒரு யூனிட்டில் நிமிடக் கணக்கில் பேசலாம். திண்டிவனம் தாண்டினால் அந்த யூனிட் சுருங்கும், சென்னைக்கு இன்னும் சுருங்கும், டெல்லிக்குச் சில விநாடி. துபாய் போட்டால் எண்கள் ஓடும் வேகத்தைப் பார்த்துக் கூண்டுக்குள் இருப்பவர் முகம் வெளுக்கும். விலை ஏறவில்லை, மரக்கால் சிறுத்துக்கொண்டே போனது. அந்த விநாடி இடைவெளியைத்தான் பல்ஸ் என்றார்கள். எஸ்.டி.டி.க்கு இரவு ஏற ஏற முழுக் கட்டணம் அரையாகும், அரை காலாகும். அதனால் கால் கட்டண நேரத்துக்குத்தான் கூட்டம். குப்பத்திலிருந்து பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வரிசையில் தூங்குவார்கள். உப்பளத்தில் ஒரு பெண் ஒருநாள் முழுக்கத் தலையில் சுமந்த கூலி, வளைகுடாவோடு ஒரு நிமிடம் பேசப் பற்றாது. பேசப் போகிற விஷயத்தைச் சிலர் என்னிடம் முதலில் சொல்லிப் பார்ப்பார்கள். “இத்த சொன்னா எம்மா ஆவும் அக்கா?” என்பார்கள். நான் வாக்கியத்தைச் சுருக்கித் தருவேன். தந்திக் குமாஸ்தா செய்த வேலையை வேறு மேசையில் நான் செய்துகொண்டிருந்தேன்.

வெளிநாட்டு அழைப்புக்கு வி.எஸ்.என்.எல். ஒன்றுதான் வாசல். அந்த ஏகபோகம் 2002 ஏப்ரல் 1 முதல் போனது. போனதும் விலை சரிந்தது. அதே காலத்தில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஐ-டு-ஐ என்ற ஒளியிழைக் கம்பி, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், கடலடியில் வந்தது. 1870-ன் செம்புக் கம்பி போன திசைதான். 2004 டிசம்பர் 26 காலையில் அந்த வழியாகவும் வேறு எந்தெந்த வழியாகவோவும் வந்த அழைப்புகள் என் பூத்தில் ஓயாமல் அடித்தன. சுனாமி புகுந்த குப்பங்களின் பெயரைச் சொல்லி, இன்னார் வீடு இருக்கிறதா என்று கேட்டார்கள். இன்கமிங்குக்கு என் மீட்டர் ஓடாது. அன்று எனக்கு வருமானம் இல்லை, அன்றுதான் பூத் அதிகமாக உழைத்தது.

இனி செல்ஃபோன். 1995 ஜூலை 31 அன்று ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து அமைச்சர் சுக்ராமை அழைத்தார். எங்கள் ஊருக்கு அது வரப் பல வருஷம் ஆனது. வந்த புதிதில், அழைப்பை எடுத்தாலும் காசு. 2003 மே மாதம் முதல்தான் அழைப்பவர் மட்டும் கொடுப்பது என்று மாறியது. மிஸ்டு கால் என்ற இலவசத் தந்தியை மக்கள் கண்டுபிடித்தது இப்படித்தான். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தேன், இரண்டு என்றால் பணம் அனுப்பியாச்சு.

ரோமிங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரிலேயே எங்களுக்கு அறிமுகமானது. அப்போது சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு தனி வட்டம். சென்னை உரிமத்தின் எல்லையில் மாமல்லபுரம் எக்ஸ்சேஞ்ச்வரை சேர்த்திருந்தார்கள். சென்னையிலிருந்து காரில் புதுச்சேரிக்குப் போகிறவர் மாமல்லபுரத்தைத் தாண்டியதும் அவர் ஃபோன் அயலூர் ஃபோன் ஆகிவிடும். அழைத்தாலும் எடுத்தாலும் கூடுதல் கட்டணம். மரக்காணத்தில் டீ குடிக்க நிறுத்துகிறவர்கள் செல்ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு என் பூத்துக்கு வருவார்கள். எனக்கு நல்ல வியாபாரம். 2005-ல் இரண்டு வட்டங்களையும் சேர்த்தார்கள், அந்த வியாபாரம் போனது. சாலையில் எந்தக் கோடும் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும். தனுஷ்கோடி முனைக்குப் போய்வந்தவர்கள் இன்றும் சொல்வார்கள், அங்கே சில நேரம் ஃபோன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று. கால் நனைக்காமலே வெளிநாடு. (இலங்கைக் கோபுரங்களின் நாட்டுக் குறியீடு 413. புதுச்சேரியின் எஸ்.டி.டி. கோடும் 0413. இதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது, எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.)

சிம் கார்டு பிறந்தது 1991-ல். ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் என்ற நிறுவனம், கரன்சி நோட்டு அச்சடிப்பவர்கள், பின்லாந்தின் ரேடியோலிஞ்சாவுக்கு முதல் 300 கார்டுகளை விற்றார்கள். அப்போது அது ஏ.டி.எம். கார்டு அளவு. பிறகு வெட்டி வெட்டிச் சிறுத்து, 2012-ல் நானோ ஆனது. நான் பெரிய சிம்மைக் கட்டர் வைத்து வெட்டித் தந்து ஓட்டிய காலம் உண்டு.

அந்தக் கார்டை வைத்துத் தமிழர்கள் செய்த காரியம் வரலாற்றில் சேர வேண்டியது. ஐரோப்பாவில் கடிகாரம் பார்த்துப் பேசிய இலங்கைத் தமிழ் அகதிகள் முதலில் சுரண்டும் காலிங் கார்டுகளை வாங்கினார்கள். அட்டையில் இத்தனை நிமிடம் என்று பெரிதாக எழுதியிருக்கும், ஆனால் இணைப்புக் கட்டணம் தனியாகப் போகும், விநாடிகள் நிமிடமாக மேலேற்றப்படும். மரக்காலில் தலைவழிக்கும் வித்தை. 2001-ல் இலங்கைத் தமிழர் மூவர் லெபாராவைத் தொடங்கினார்கள். 2006-ல் அல்லிராஜா சுபாஸ்கரன் லைக்காமொபைலைத் தொடங்கினார். எங்கள் ஊரில் அவரைப் பொன்னியின் செல்வன் படத்தின் தயாரிப்பாளராக அறிவார்கள். இவர்களுக்குச் சொந்தமாகக் கோபுரம் கிடையாது. பெரிய கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கி, பாரிஸ் லா ஷப்பேலின் மளிகைக் கடைகளில் சில்லறையாக விற்றார்கள். புதுச்சேரிப் பக்கத்துப் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள், 1962-ல் ஒப்பந்தம் அமலானபோது பிரான்சைத் தேர்ந்தவர்களின் பிள்ளைகள், ஊரோடு பேசியது பெரும்பாலும் இப்படிப்பட்ட சிம்களில்தான். இன்று பயண இ-சிம் விற்கும் கடைகளும் இதே வம்சம். கோபுரம் இல்லை, மொத்தத்தில் வாங்கிச் சில்லறையில் விற்பது. மாறியது ஒன்றுதான், மளிகைக் கடைக்காரரும் இல்லை.

இ-சிம்முக்கான பொதுத் தரம் ஃபோன்களுக்கு 2016-ல் வந்தது. இந்தியாவில் ஏர்டெல், ஜியோ 2018-ல் தந்தார்கள். 2022-ல் அமெரிக்காவில் விற்ற ஐஃபோன் 14-ல் சிம் போடும் ஓட்டையே கிடையாது. ஃபோனுக்குள் ஒட்டவைத்த ஒரு சில்லு இருக்கும், நெட் வழியாகச் சிம்மின் விவரம் அதில் இறங்கும். என் கட்டருக்கு வேலை போனது. ஆனால் ஆட்கள் வருவது நிற்கவில்லை. முன்பு எம்மா ஆவும் என்று கேட்டவர்களின் பிள்ளைகள், இப்போது எது எடுக்கட்டும் என்று கேட்கிறார்கள்.

முதலில் நான் ஃபோனை வாங்கி *#06# அடிப்பேன். ஈ.ஐ.டி. என்று 32 இலக்க எண் வந்தால் அந்த ஃபோன் இ-சிம் ஏற்கும். வராவிட்டால் பேச்சே இல்லை. எங்கள் பக்கம் விற்கும் மலிவு ஃபோன்கள் பலவற்றில் வராது. அவர்களுக்குப் போகிற ஊர் விமான நிலையத்துக் கார்டு சிம்தான் வழி.

அடுத்து, பழைய நம்பரின் கதை. வங்கி ஓ.டி.பி. ஊர் நம்பருக்குத்தான் வரும். முன்பெல்லாம் வெளிநாட்டில் இறங்கியதும் இந்தியச் சிம்மைக் கழற்றிப் பேப்பரில் மடித்துப் பர்சில் வைப்பார்கள். அங்கே அது தொலையும், ஓ.டி.பி.யும் தொலையும். இ-சிம்மின் பெரிய லாபம் மலிவு டேட்டா என்று விளம்பரக்காரர்கள் சொல்கிறார்கள். என் கணக்கில் லாபம், இந்தியச் சிம் ஃபோனிலேயே இருக்க இடம் கிடைத்ததுதான். அதற்கு ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே கம்பெனியில் சர்வதேச ரோமிங்கை இயக்கிவிட வேண்டும், ரீசார்ஜ் உயிரோடு இருக்க வேண்டும். பிறகு அந்தச் சிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். எஸ்.எம்.எஸ். வரும், நெட் ஓடாது. நெட்டை இ-சிம்முக்கு மாற்றிவிட்டு, தேவைப்பட்டால் மற்ற சிம்முக்குத் தானே தாவிக்கொள்ளும் அந்த அமைப்பையும் அணைக்க வேண்டும். நீண்டநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு டிராய் விதி ஒன்றைச் சொல்லிவிடுவேன். 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டால் ப்ரீபெய்ட் நம்பரை நிறுத்தலாம், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு காப்பாற்ற வேண்டும்.

இந்த அணைக்கும் வேலையை விட்டால் என்னாகும் என்பதற்கு நான் போடும் கணக்கு ஒன்று உண்டு. பிளான் இல்லாத ரோமிங்கில் டேட்டாவுக்கு அலகு பெரும்பாலும் 10 கே.பி. அதற்கு 5 ரூபாய் என்று எழுதியிருந்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஒரு எம்.பி.க்கு 500 ரூபாய், ஒரு ஜி.பி.க்கு ஐந்து லட்சம். வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய காலை வணக்க வீடியோ ஒன்று தானாக இறங்கினால் போதும், ஆயிரக்கணக்கில் காசு போய்விடும். கும்பெனிக் கரிசையெல்லாம் இந்த 10 கே.பி.க்கு முன்னால் தர்மமான அளவு.

சென்ற கோடையில் ஓர் ஆசிரியை வந்தார். பள்ளி நண்பர்களோடு சிங்கப்பூர், மலேசியா குரூப் டூர். சிங்கப்பூர் இ-சிம் ஒன்றைக் குறைந்த விலையில் பார்த்து வைத்திருந்தார். “டீச்சர், பாலத்தத் தாண்டி ஜொகூர் போனா இது செத்துடும்” என்றேன். மாமல்லபுரம் கதைதான். இரண்டு நாட்டுக்கும் செல்லும் வட்டாரப் பிளான் கொஞ்சம் கூடுதல், அதை எடுத்தார். பாரிசுக்கு மகளைப் பார்க்கப் போகும் அம்மாக்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டுச் சிம் மற்ற நாடுகளிலும் சொந்த ஊர் விலைக்கே ஓட வேண்டும் என்று சட்டம். ஆனால் ஜெனீவாவுக்கும் லண்டனுக்கும் அந்தச் சட்டம் செல்லாது. மகள் “மூணு நாள் லண்டன் கூட்டிப் போறேன்மா” என்று சொல்லியிருந்தால் அதை முதலிலேயே என்னிடம் சொல்லச் சொல்வேன்.

நாள் என்பதும் ஓர் அலகு. தினம் 2 ஜி.பி. என்கிறான். அந்த நாள் எப்போது தொடங்குகிறது? சில பிளானில் முதல் பைட் ஓடியதிலிருந்து 24 மணி நேரம். சிலவற்றில் ஏதோ ஒரு நாட்டின் நள்ளிரவு. இரவு பதினொரு மணிக்கு விமானம் இறங்கி ஆன் செய்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் போகும். அன்லிமிடெட் என்றால் கீழே பொடி எழுத்தில் படிக்க வேண்டும். இவ்வளவு தாண்டினால் வேகம் ஆமையாகும், ஹாட்ஸ்பாட் கிடையாது என்று இருக்கும். வீடியோவில் பேரனைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போனால் அரை ஜி.பி. அருகே கரையலாம், அதற்கேற்ற அளவு எடுக்கச் சொல்வேன். ஃபோட்டோக்கள் தானாக மேலேறுவதை நிறுத்தச் சொல்வேன். அதுதான் கண்ணுக்குத் தெரியாமல் தின்கிறது.

க்யூ.ஆர். கோடைப் பெரும்பாலும் ஒருமுறைதான் இறக்கலாம். வேலை செய்யவில்லை என்று பதற்றத்தில் டெலீட் செய்தவர்கள் மறுபடி காசு கட்டியிருக்கிறார்கள். அதனால் ஊரிலேயே, வைஃபையில், என் மேசையில் வைத்து இறக்கிவிடுகிறோம். அங்கே போய் ஆன் மட்டும் செய்தால் போதும். பயண இ-சிம்களில் பல டேட்டாவுக்கு மட்டுமானவை, பேச நம்பர் கிடையாது. வாட்ஸாப் பழைய நம்பரிலேயே ஓடும். இந்த இ-சிம்களில் நெட் பல நேரம் மூன்றாவது நாடு ஒன்றைச் சுற்றிக்கொண்டு வரும். துருக்கியில் நிற்கிறவருக்கு கூகுள் போலிஷ் மொழியில் திறந்தால் பயப்பட வேண்டியதில்லை. வங்கிச் செயலி சந்தேகப்பட்டுத் திறக்க மறுக்கவும் இதுவே காரணமாகலாம்.

யாரிடம் வாங்குவது என்பதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. சில நாள் பயணம், செலவைப் பற்றிக் கவலையில்லை, கையும் ஓடாது என்றால் தங்கள் இந்தியக் கம்பெனியின் ரோமிங் பேக் போதும், எதையும் மாற்ற வேண்டாம். வாரக்கணக்கில் பேரப்பிள்ளையோடு இருக்கப் போகிறவர்களுக்கு அந்த நாட்டுக் கம்பெனி இ-சிம் மலிவு. பல நாடு சுற்றுகிறவர்களுக்குப் பயண இ-சிம். அதிலும் அனுமதி முக்கியம். 2024 ஜனவரியில், உரிய அனுமதி இல்லையென்று தொலைத்தொடர்புத் துறை சொன்னதால், ஏராலோ, ஹோலாஃப்ளை என்ற இரண்டு பெரிய கடைகளின் செயலிகளை ஆப்பிளும் கூகுளும் இந்தியாவில் எடுத்துவிட்டார்கள். கிளம்பும் முன் எது இன்று நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குப்பத்துப் பையன்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் பொருந்தாது. சவுதியில் 2016 முதல் கைரேகை வைத்தால்தான் சிம். வேலைக்குப் போகிறவனுக்கு அங்கே சிம் கிடைக்கச் சில நாள் ஆகலாம். அமீரகத்தில் வாட்ஸாப் கால் ஓடாது, அங்கே அனுமதித்த வேறு செயலிகள் உண்டு. அந்த முதல் சில நாட்களுக்குத்தான், ஏஜென்ட் அழைத்துப் போக வராவிட்டால் வீட்டுக்குச் சொல்ல, ஒரு சின்னப் பிளான் போட்டு அனுப்புகிறேன். எச்சரிக்கை ஒன்றும் சேர்த்துச் சொல்வேன். இ-சிம்முக்கு மாற்றித் தருகிறோம் என்று யாராவது அழைத்து எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொன்னால் அனுப்பாதே, க்யூ.ஆரைப் பகிராதே. நம்பர் அவன் ஃபோனுக்குப் போய்விடும், பின்னாலேயே வங்கிப் பணமும் போகும்.

இந்த வேலைக்கு என்ன வாங்குவது என்பதை நானே யோசித்து வைக்க வேண்டியிருந்தது. டேட்டாவில் எனக்குக் கமிஷன் இல்லை, அதை அவர்களே கார்டில் கட்டிவிடுகிறார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் ஒன்றும் வாங்குவதில்லை. சுற்றுலாக்காரர்களிடம் நூறு ரூபாய். போன வாரம் ஈ.சி.ஆரில் ரிசார்ட் வைத்திருப்பவர் குடும்பத்தோடு வந்தார். எல்லா ஃபோனையும் மேசைமேல் அடுக்கிவிட்டு, “நூறுன்னா ஃபோனுக்கா, குடும்பத்துக்காம்மா?” என்று கேட்டார். கணக்குப்பிள்ளை மகளிடம் கேட்கக் கூடாத கேள்வி.

“ஃபோனுக்கு சார்” என்றேன்.